144 பவுண்ட் லாபம்: ஜெரமி கிளார்க்சன் கணக்கை ஒரு ஆடிட்டர் படிச்சா...



சுமார் ஆயிரம் ஏக்கர் நிலம். ஒரு வருஷம் முழுக்க உழவு, விதைப்பு, மழை, புலம்பல், அறுவடை. எல்லாம் முடிஞ்சதும் நில ஆலோசகர் சார்லி வந்து நிகர லாபம் எவ்வளவுன்னு சொல்றார்: 144 பவுண்ட். அன்றைய மதிப்பில் நம்ம காசுக்கு சுமார் 14 ஆயிரம் ரூபாய். மாசத்துக்கு இல்ல, வருஷத்துக்கு!

அமேசான் பிரைம்ல 2021ல் வந்த 'கிளார்க்சன்ஸ் ஃபார்ம்' முதல் சீசன் பார்த்தவங்களுக்கு இந்த இடம் ஞாபகம் இருக்கும். ஆர்ட்டிகிள்ஷிப்ல எனக்குக் கிடைச்ச ஒரு வருஷ ஸ்டைபெண்டே இதைவிட அதிகம். அந்த ஸ்டைபெண்ட் எவ்வளவு சொற்பம்னு சி.ஏ. படிச்ச யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

ஆனா நிலத்துக்குச் சொந்தக்காரர் ஜெரமி கிளார்க்சனுக்கு அந்த 144 பவுண்ட் சாப்பாட்டுப் பிரச்சினை இல்ல. மத்த விவசாயிங்க என்ன பண்ணுவாங்க, அவங்க பின்னாடி அமேசான் கேமரா வராதேன்னு அவரே அந்த நிகழ்ச்சியில கேட்கிறார். கரெக்டான கேள்வி. நிலம் 144 கொடுத்துச்சு. அந்த நிலத்தில் அவர் படுற பாட்டைப் படம் பிடிச்ச நிகழ்ச்சி கொடுத்தது வேற கணக்கு.

கிளார்க்சனை நிறைய பேருக்குக் கார் ஓட்டிக்கிட்டே கத்துற ஆளாத்தான் தெரியும். எனக்கும் காலேஜ் நாள்ல அப்படித்தான். ஆடிட்டரான பிறகு திரும்பிப் பார்த்தா, அவரோட கேரியர்ல எனக்கு சுவாரசியமா பட்டது காரே இல்ல. எந்த வருஷம் அவர் வெறும் சம்பளக்காரர், எந்த வருஷம் பங்குக்காரர்ங்கிறதுதான்.

வீட்டுலயே ஒரு லைசென்ஸ் பாடம்

கிளார்க்சன் 1960ல் பிறந்தவர். ஊர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம், டான்காஸ்டர். 1970களின் தொடக்கத்தில் அவங்க அம்மா ஷெர்லி, தன் ரெண்டு குழந்தைங்களுக்காக ஒரு கரடி பொம்மை தைச்சார். குழந்தைங்க புத்தகத்துல வர்ற பேடிங்டன் கரடி. பொம்மை நிமிர்ந்து நிக்கணும்னு காலுக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டி விட்டார். பார்த்தவங்க எல்லாரும் கேட்க, விற்பனை ஆரம்பிச்சது.

சிக்கல் என்னன்னா, பேடிங்டன் அவங்க சொத்து இல்ல. எழுத்தாளர் மைக்கேல் பாண்டோட சொத்து. அனுமதி வாங்காம வித்துட்டு இருந்தாங்க. பாண்டோட வக்கீல் தரப்புல இருந்து பிரச்சினை வந்துச்சு. அதைப் பேச லண்டனுக்குப் போன அப்பா எட்டி, லிஃப்ட்ல பாண்டையே சந்திக்கிறார். ரெண்டு பேருக்கும் ஒத்துப் போச்சு. வழக்கா முடிய வேண்டியது லைசென்ஸா முடிஞ்சது. 'காப்ரியேல் டிசைன்ஸ்'ங்கிற அந்தக் குடும்பக் கம்பெனி சம்பாதிச்ச பணத்துலதான் மகனுக்கு ரெப்டன் மாதிரி காஸ்ட்லியான போர்டிங் ஸ்கூல் சாத்தியமாச்சு.

தைச்சது அம்மா. வித்தது அப்பா. ஆனா கரடி யாரோடதோ, அவருக்கு ஒரு பங்கு போய்த்தான் ஆகணும். பன்னெண்டு, பதிமூணு வயசுல சாப்பாட்டு மேஜையில இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பையன், பின்னாடி ஒரு டிவி கம்பெனிகிட்ட எப்படிப் பேசினான்னு பார்க்கும்போது எனக்கு இந்தக் கரடிதான் ஞாபகம் வருது.

ஸ்கூல்ல பையன் படிக்கல. ரெப்டன்ல இருந்து வெளியே அனுப்பிட்டாங்க. ஏ-லெவல்ல ஒரு 'சி', ரெண்டு 'யு'. 'யு'ன்னா மதிப்பெண் போடுற அளவுக்கே தேறலைன்னு அர்த்தம். ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் ரிசல்ட் வர்ற நாள்ல இதைச் சொல்லி, அடுத்து தன்கிட்ட இருக்கிற சொத்து எதையாவது காட்டி ட்வீட் போடுறது அவர் வழக்கம். இதை ஃபார்வர்டு பண்ற தம்பி தங்கைங்களுக்கு ஒண்ணு: அவருக்குப் பின்னாடி ஒரு பொம்மைக் கம்பெனி இருந்துச்சு. முதல் வேலையே அப்பா அம்மா கம்பெனிக்காகக் கரடி விக்கிற சேல்ஸ்மேன் வேலைதான்.

அப்புறம் 'ராதர்ஹாம் அட்வர்டைசர்'ங்கிற உள்ளூர் பத்திரிகையில டிரெய்னி ரிப்போர்ட்டர். இன்னும் சில வட்டாரப் பத்திரிகைங்க. 1984ல் ஒரு நண்பரோட சேர்ந்து மோட்டாரிங் பிரஸ் ஏஜென்சி ஆரம்பிக்கிறார். ஒரு காரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும், அதைப் பத்தி எழுதணும், அதைப் பல ஊர் பத்திரிகைகளுக்கு விக்கணும். உழைப்பு ஒண்ணு, ரசீது பல. டிரெய்னியா இருந்தப்போ ஒரு கட்டுரைக்கு மாசச் சம்பளத்துல ஒரு துளி. இப்போ அதே கட்டுரை அவரோட சரக்கு.

சம்பளத்துக்கு நின்ன காலம்

1988ல் பிபிசியின் 'டாப் கியர்'ல சேர்றார். அப்போ அது அடக்க ஒடுக்கமான கார் நிகழ்ச்சி. பூட்ல எத்தனை பெட்டி வைக்கலாம், மைலேஜ் எவ்வளவு, அந்த மாதிரி. இவர் வந்து வாயைத் திறந்ததும் பார்வையாளர் எண்ணிக்கை ஏறுச்சு. பத்து வருஷம் கழிச்சு 1999ல் விலகுறார். நடுவுல டாக் ஷோ, ரோபோ சண்டை நிகழ்ச்சின்னு பலதும் பண்ணினார்.

அவர் போன பிறகு டாப் கியர் தடுமாறி, 2001ல் பிபிசி அதை நிறுத்திடுச்சு. இங்கதான் கதை திரும்புது. ரெப்டன்ல கூடப் படிச்ச ஆண்டி வில்மனும் கிளார்க்சனும் உட்கார்ந்து ஒரு புது வடிவம் யோசிக்கிறாங்க. ஒரு பழைய விமானத்தளம், ஹேங்கர்ல ஸ்டுடியோ, சொந்தமா ஒரு ரேஸ் டிராக், ஹெல்மெட்டைக் கழட்டாத ஒரு டிரைவர், பிரபலங்களை சாதாரண சுஸுகி லியானாவில் ஓட விட்டு நேரம் குறிக்கிற போர்டு. பிபிசிகிட்ட கொண்டு போறாங்க. 2002 அக்டோபர்ல ஒளிபரப்பு ஆரம்பம். ரிச்சர்ட் ஹாமண்ட் முதல்லயே வந்தார், ஜேம்ஸ் மே ரெண்டாவது சீசன்ல.

(ஜேம்ஸ் மே கதை தனி. 1992ல் 'ஆட்டோகார்' பத்திரிகையில வேலை பார்த்தப்போ, ஒரு சிறப்பிதழ்ல வரிசையா வந்த கட்டுரைகளோட முதல் எழுத்துகளைக் கோர்த்து, இந்த வேலை எவ்வளவு கொடுமைன்னு ஒரு ரகசியச் செய்தி ஒளிச்சு வச்சார். வாசகர்கள் கண்டுபிடிச்சு ஃபோன் பண்ண, வேலை போச்சு. அப்ரைசல் கோபத்தை இப்படியெல்லாம் தீர்த்துக்காதீங்க.)

முதல் சில வருஷம் எல்லாருமே ஃபீஸ் வாங்கிக்கிட்டு வேலை செஞ்சவங்கதான். ஆனா நிகழ்ச்சி உலகம் முழுக்க ஓட ஆரம்பிச்சது. 2012ல் கின்னஸ் கணக்குப்படி 212 நாடுகளிலும் பிரதேசங்களிலும் ஒளிபரப்பு. பத்திரிகை, டிவிடி, மேடை நிகழ்ச்சி, வெளிநாட்டுப் பதிப்புகள். பிபிசி மக்கள் கட்டுற லைசென்ஸ் கட்டணத்துல ஓடுற நிறுவனம், ஒரு தொகுப்பாளருக்கு அள்ளிக் கொடுத்தா நாடாளுமன்றம் வரைக்கும் கேள்வி வரும். அதனால சம்பளத்துக்கு ஒரு கூரை இருந்துச்சு. ஆனா வெளிநாட்டு வியாபாரத்தைப் பார்த்துக்கிட்டது 'பிபிசி வேர்ல்ட்வைட்'ங்கிற வணிகக் கிளை. அதுக்கு அந்தக் கூரை கிடையாது.

அந்த இடைவெளியிலதான் 'பெடர் 6' கம்பெனி வருது. 2000களின் பிற்பாதியில, டாப் கியரோட வணிக வருமானத்துக்காகவே ஒரு கூட்டு நிறுவனம். பிபிசி வேர்ல்ட்வைடுக்கு 50 சதவீதம், கிளார்க்சனுக்கு 30, வில்மனுக்கு 20.

ஹாமண்டும் மேயும் இதுல இல்ல. ஒரே கேமரா, ஒரே மழை, ஒரே அடி. 2006ல் ஜெட் காரை மணிக்கு 288 மைல் வேகத்துல ஓட்டி, டயர் வெடிச்சு, மூளையில அடிபட்டுக் கிடந்தது ஹாமண்ட். அவருக்கு ஃபீஸ். வடிவத்தை யோசிச்சுக் கொண்டு போன ரெண்டு பேருக்கு மட்டும்தான் பங்கு. இது நியாயமா இல்லையான்னு நான் தீர்ப்பு சொல்லல. பேலன்ஸ் ஷீட் அப்படித்தான் இருந்துச்சு.

2012: கணக்கு வெளியே வந்த வருஷம்

2012 செப்டம்பர்ல பிபிசி வேர்ல்ட்வைட் ரெண்டு பேரோட பங்கையும் விலைக்கு வாங்கிடுச்சு. அடுத்த வருஷம் கணக்கு வெளியானப்போ பிரிட்டிஷ் பத்திரிகைகள் போட்ட கூட்டல்: 30 சதவீதப் பங்குக்காக கிளார்க்சனுக்கு சுமார் 84 லட்சம் பவுண்ட். டிவிடெண்டா சுமார் 48 லட்சம் பவுண்ட். தொகுப்பாளரா நின்னதுக்கு சுமார் 10 லட்சம் பவுண்ட்.

திரும்ப ஒரு தடவை அந்த மூணு எண்ணையும் பாருங்க. எல்லாரும் டிவியில பார்த்தது மூணாவதை. பணம் வந்தது முதல் ரெண்டுல இருந்து.

வரி பக்கமும் ஒரு நிமிஷம். அந்த நிதியாண்டில் பிரிட்டன்ல வருமானத்துக்கு உச்ச வரி 50 சதவீதம். பங்கு வித்த லாபத்துக்கு உச்ச வரி 28 சதவீதம். சொந்தக் கம்பெனியில குறைஞ்சது 5 சதவீதம் பங்கு வச்சு, அங்கேயே வேலையும் பார்த்த தொழில்முனைவோருக்கு, நிபந்தனைகளோட 10 சதவீத சலுகை விகிதம் கூட அப்போ இருந்துச்சு. ஒரே பவுண்ட், எந்தக் கதவு வழியா உள்ளே வருதுங்கிறதைப் பொறுத்து அரசாங்கம் எடுக்கிற பங்கு மாறுது. நம்ம ஊர்லயும் சம்பளத்துக்கு ஸ்லாப், நீண்டகால மூலதன லாபத்துக்கு தனி விகிதம்னு அதே கதைதானே.

என்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்ற ஐடி பசங்க பல பேர் ஆஃபர் லெட்டர்ல சி.டி.சி. பக்கத்தை மட்டும் மனப்பாடமா வச்சிருப்பாங்க. அடுத்த பக்கங்கள்ல அறிவுசார் சொத்து பத்தி ஒரு பத்தி இருக்கும், அதைப் படிச்சவங்க ரொம்பக் கம்மி. வேலையின் பகுதியா நீங்க உருவாக்கினதோட முதல் உரிமையாளர் கம்பெனிதான், வேற மாதிரி எழுதி வாங்கியிருந்தா ஒழிய. நம்ம 1957 காப்புரிமைச் சட்டத்தோட 17ஆவது பிரிவுலயும் அடிப்படை இதுதான். சில கம்பெனிங்க வீட்டுல, சனிக்கிழமை ராத்திரி நீங்க எழுதுற ஆப் வரைக்கும் அந்தப் பத்தியை நீட்டி எழுதியிருப்பாங்க. கிளார்க்சனுக்கு சாதகமா இருந்தது என்னன்னா, 2002ல் அவர் பிபிசிக்கு ஊழியரா ஐடியா கொடுக்கல. வெளியே நின்னு, ஐடியாவோட உள்ளே வந்தார். கதவைத் தட்டும்போது இருக்கிற பேர பலம் உள்ளே உட்கார்ந்த பிறகு இருக்காது.

500 பவுண்ட் டைரக்ட் டெபிட்

பண விஷயத்துல அவர் எல்லா நேரமும் கெட்டிக்காரர்னு நினைச்சுடாதீங்க. 2007 நவம்பர்ல பிரிட்டன் வரித்துறை ரெண்டு டிஸ்கைத் தொலைச்சது. அதுல 2.5 கோடி பேரோட பெயர், முகவரி, வங்கி விவரம். நாடே பதறுச்சு. கிளார்க்சன் 'தி சன்' பத்திரிகையில எழுதினார்: இதுக்கு ஏன் இவ்வளவு கூச்சல், அக்கவுண்ட் நம்பர் தெரிஞ்சா பணம் போட முடியுமே தவிர எடுக்க முடியாதேன்னு. நிரூபிக்க, தன்னோட அக்கவுண்ட் நம்பரையும் வங்கிக் கிளைக் குறியீட்டையும் அச்சுலயே போட்டார்.

கொஞ்ச நாள்ல ஸ்டேட்மென்ட் வந்துச்சு. 'டயபடிஸ் யுகே'ங்கிற தொண்டு நிறுவனத்துக்கு 500 பவுண்ட் டைரக்ட் டெபிட். யாரோ ஒருத்தர் அவர் பேர்ல ஃபார்ம் நிரப்பிட்டார். யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்ல வங்கியால முடியல. தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்குதாம்! நான் சொன்னது தப்புன்னு 2008 ஜனவரியில 'சண்டே டைம்ஸ்' பத்தியில எழுதினார். அதுவரைக்கும் மதிப்பு கொடுக்கலாம். உங்க அக்கவுண்ட்ல எத்தனை ஆட்டோ டெபிட் மேண்டேட் உயிரோட இருக்குன்னு நெட் பேங்கிங்ல கடைசியா எப்போ பார்த்தீங்க? ஜிம்மை விட்டு எட்டு மாசம் ஆகியிருக்கும், மேண்டேட் இன்னும் ஓடிட்டு இருக்கும்.

ஒரு ராத்திரி சாப்பாடு

பங்கை வித்த பிறகு கிளார்க்சன் மறுபடியும் காண்ட்ராக்ட் ஆள். மூணு வருஷ ஒப்பந்தம், 2015 மார்ச் கடைசியில முடியுது.

2015 மார்ச் 4. படப்பிடிப்பு முடிஞ்சு யார்க்‌ஷயர்ல ஒரு ஹோட்டல். நேரமாயிடுச்சு, சமையல்காரர் கிளம்பிட்டார், சூடா எதுவும் இல்ல. கிளார்க்சன் ஒரு தயாரிப்பாளரைக் கண்டபடி திட்டி, கை நீட்டிட்டார். அடி வாங்கினவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாச்சு. சில நாள்ல சஸ்பென்ஷன். அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லி பத்து லட்சம் பேர் கையெழுத்துப் போட்டாங்க. மார்ச் 25ஆம் தேதி, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதுன்னு பிபிசி தலைவர் டோனி ஹால் அறிவிச்சார். அடுத்த வருஷம் வழக்கு சமரசத்துல முடிஞ்சது: பகிரங்க மன்னிப்பு, ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல இழப்பீடுன்னு செய்தி.

இதை ஹீரோ கதையா சொல்றவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சல் வரும். நாள் முழுக்க கூட வேலை செஞ்ச ஒருத்தரை, பசிக்குதுன்னு அடிக்கிறது எந்தத் திறமைக்கும் தள்ளுபடி ஆகாது. பிபிசி செஞ்சது சரி. 2022 டிசம்பர்ல ஹாரியோட மனைவி மேகனைப் பத்தி அவர் எழுதின பத்தியும் அந்த ரகம்தான். பத்திரிகையும் மன்னிப்புக் கேட்டுச்சு, அவரும் கேட்டார்.

ஆனா கணக்கு வேற விஷயம். வேலை போன அன்னிக்கு அவர் கையில மூணு வருஷத்துக்கு முன்னாடி வித்த பங்கோட பணம் இருந்துச்சு. 'டாப் கியர்'ங்கிற பேர் இல்ல. அது பிபிசியோடது, காசு வாங்கிக்கிட்டு அவரே விட்டுக்கொடுத்தது. அதனால 2015 ஜூலையில அமேசானோட ஒப்பந்தம் போட்டப்போ புதுப் பேர் தேட வேண்டியிருந்தது. 'தி கிராண்ட் டூர்' 2016 நவம்பர்ல வந்துச்சு. 36 எபிசோடுக்கு 16 கோடி பவுண்ட்னு பேச்சு. தயாரிப்புச் செலவு முழுக்க அதுக்குள்ள, அதனால மொத்தமும் சம்பளம்னு எடுத்துக்காதீங்க.

எனக்குப் பிடிச்ச விவரம் இதுதான். இந்தத் தடவை நிகழ்ச்சியைத் தயாரிச்சது 'டபிள்யூ. சம்ப் அண்ட் சன்ஸ்'னு அவங்களே ஆரம்பிச்ச கம்பெனி. கிளார்க்சன், வில்மன், கூடவே ஹாமண்ட், மே. பெடர் 6ல பேரே இல்லாத ரெண்டு பேர் இதுல இருந்தாங்க. பதிமூணு வருஷம் ஃபீஸுக்கு ஓட்டினவங்க கடைசியில மேஜைக்கு வந்துட்டாங்க. அந்த மூணு பேர் சேர்ந்த கடைசி எபிசோட் 2024 செப்டம்பர்ல வந்துச்சு.

மறுபடியும் நிலம்

நிலத்தை கிளார்க்சன் வாங்கினது 2008ல், ஆக்ஸ்போர்ட்‌ஷயர்ல. பத்து வருஷத்துக்கு மேல உள்ளூர் விவசாயி ஒருத்தர்தான் பார்த்துக்கிட்டார். அவர் ஓய்வு பெற்றதும், 2019ல் தானே விவசாயம் பண்ணப் போறேன்னு இறங்கினார். பேர் 'டிட்லி ஸ்க்வாட்'. அவங்க பேச்சு வழக்குல 'ஒண்ணுமே இல்ல'ன்னு அர்த்தம். 40 ஆயிரம் பவுண்டுக்கு லம்போர்கினி டிராக்டர், கொட்டகைக்குள்ள நுழையல. ஆட்டு ரோமம் வித்த காசு ரோமம் வெட்டின கூலிக்கே போதல. அந்த வருஷ மழையில பாதி நிலத்துல விதைக்க முடியல. 144 பவுண்ட்!

ஆனா அதே நிலத்துல இருந்து ஒரு கடை வந்துச்சு, பார்லியில இருந்து 'ஹாக்ஸ்டோன்' பீர் வந்துச்சு, 2024 ஆகஸ்ட்ல 'தி ஃபார்மர்ஸ் டாக்' பப் வந்துச்சு. பப் திறந்த சில நாள்லயே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் 104 கிளாஸ் காணாமப் போச்சுன்னு அவரே எழுதினார். குடிக்க வந்தவங்க நினைவுப் பொருளா எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதை எந்த தலைப்புல செலவு எழுதினாரோ.

பல வருஷம் முன்னாடி அவர் ஒரு பத்தியில, நிலம் வங்கியை விட நல்ல முதலீடு, நான் செத்தா அரசாங்கத்துக்கு ஒண்ணும் போகாதுன்னு எழுதியிருந்தார். அப்போ அது உண்மைதான். பிரிட்டன்ல வாரிசு வரி 40 சதவீதம் (நம்ம ஊர்ல எஸ்டேட் டியூட்டி 1985லயே போயிடுச்சு). ஆனா விவசாய நிலத்துக்கு, நிபந்தனைகள் பொருந்தினா, முழு விலக்கு. 2024 அக்டோபர் பட்ஜெட் அதை மாத்துச்சு: முழு விலக்கு 10 லட்சம் பவுண்ட் வரைக்கும்தான், அதுக்கு மேல நடைமுறையில 20 சதவீதம். நவம்பர் 19ஆம் தேதி லண்டன்ல விவசாயிகள் திரண்டாங்க. கிளார்க்சனும் போனார். பிபிசி செய்தியாளர் விக்டோரியா டெர்பிஷயர் மைக்கை நீட்டி, நீங்க நிலம் வாங்கினதே வரிக்காகத்தானேன்னு பழைய பத்தியை ஞாபகப்படுத்தினார். அவருக்குக் கோபம் வந்துச்சு. உண்மையான காரணம் வேட்டை ஆசை, வரின்னு சொன்னா கேட்க நல்லா இருக்கும்னுதான் அப்படிச் சொன்னேன்னு பேட்டிகள்ல விளக்கம். ஆடிட்டரா சொல்றேன், க்ளையன்ட் இப்படி எழுதி வச்சிருந்தா எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது.

2025 டிசம்பர்ல அரசாங்கம் இறங்கி வந்து வரம்பை 25 லட்சம் பவுண்டாக்குச்சு. சின்ன விவசாயிகள் பல பேர் தப்பிச்சாங்க. ஆயிரம் ஏக்கர் தப்பிக்காது. புது விதி 2026 ஏப்ரல் 6ல் இருந்து, அஞ்சு நாள் கழிச்சு ஏப்ரல் 11ல் கிளார்க்சனுக்கு 66 வயசு. அன்னிக்கே பிள்ளைங்க பேருக்கு எழுதி வச்சாலும், அதுக்கப்புறம் ஏழு வருஷம் அவர் உயிரோட இருக்கணும். அந்த ஏழு வருஷமும் நிலத்தோட பலனை அவர் அனுபவிக்கக் கூடாது. அனுபவிச்சா, கொடுத்தது கொடுத்ததா கணக்கில் வராது. அப்போ டிராக்டர்ல ஏறி உட்கார்ந்து அடுத்த சீசன் எடுக்கலாமா கூடாதாங்கிற கேள்வி, சார்லிகிட்ட போகும்.